வீடே கச்சேரி: பாலாற்றின் இரு கரைகளில் ஊர் அலுவலரின் வேலைநேரம்

மாதேசுவரன் மலைப்பகுதியின் காட்டாறுகளைச் சேர்த்துக்கொண்டு மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேல்முனையில் காவிரியோடு கலக்கும் பாலாறு, காஞ்சிபுரத்தைத் தொட்டுக் கடலுக்குச் செல்லும் பெரிய பாலாற்றோடு பெயரளவிலேயே உறவுடையது. இன்று இச்சிற்றாறு கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே எல்லையாக நிற்கிறது. மேட்டூரிலிருந்து கொளத்தூர், கோவிந்தபாடி வழியாக மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் இங்குள்ள சோதனைச்சாவடியைக் கடந்தே செல்கின்றனர். ஆயினும் 1956 நவம்பர் 1 வரை இரு கரைகளும் சென்னை மாநிலத்துக்குள்ளேயே இருந்தன. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இணைக்கப்பட்ட கொள்ளேகால் வட்டம், மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது மைசூர் மாநிலத்துக்குச் சென்று, 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகும் வரை மைசூர் மாவட்டத்தின் பகுதியாக விளங்கியது. ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஒரே ஆட்சிமுறையின்கீழ் வேலைபார்த்த ஒரே வகை அலுவலர்களின் பதவிகள் ஆற்றின் ஒரு கரையில் 1963-இலும் மறுகரையில் 1980-இலும் ஒழிக்கப்பட்டன. அரசு ஊழியர் வீட்டிலிருந்து பணிபுரிந்தால் முழுநேரமும் உழைப்பாரா என்று 2020-க்குப் பிறகு எங்கும் கேட்கப்படும் வினாவை வரலாற்றில் வைத்துப் பார்ப்பதற்கு இப்பகுதி நல்ல வாய்ப்பைத் தருவது இதனால்தான். ஏனெனில், ஒழிக்கப்பட்ட அந்த அலுவலர்களுக்கு வீடே கச்சேரியாக இருந்தது.

ஊர் அலுவலர் எனப்பட்டோரில் முதன்மையானவர் இருவர். வரி வசூலுக்கும் ஊர்க்காவலுக்கும் பொறுப்பான மணியக்காரர் அல்லது கிராம முன்சீப் ஒருவர். நிலக்கணக்கு எழுதும் கர்ணம் அல்லது கணக்குப்பிள்ளை மற்றவர். மைசூர்ச் சீமையில் இவர்களுக்கு இணையாகப் பட்டேலும் சானுபோகரும் இருந்தனர். இவர்களுக்குக் கீழே தலையாரி, வெட்டியான், தோட்டி, ஏரி மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டி ஆகியோர் ஊர்ப்பணி செய்தனர். கணக்கெழுதுபவர் பதவி ஆங்கிலேயர் படைத்ததன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஊர்க்கணக்கு எழுதுபவன் நேர்மையாகப் பொருளீட்டியவனாக இருக்கவேண்டும் என்றும், தான் எழுதிய கணக்கைத் தானே பெருமக்களிடம் காட்டித் தூயவன் எனப் பெயர் பெறும்வரை வேறொருவர் அவன் கணக்கை முடிக்கலாகாது என்றும் வரையறுத்துள்ளன. கணக்கு முடிந்ததா, முடித்தவன் கை சுத்தமா என்ற இரண்டையே சபை கேட்டது. எத்தனை நாழிகை எழுதினான் என்று அது கேட்கவில்லை.

கிழக்கிந்தியக் கும்பினியார் இவ்வமைப்பை ஏற்று அதற்குச் சட்ட வடிவம் தந்தனர். நிலையான சமீன்களுக்கு 1802-இல் இயற்றப்பட்ட 29-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் கர்ணங்களின் கடமைகளை வகுத்தது. பாராமகாலில் தண்டல் வேலை பயின்று, குடியானவரிடமிருந்து நேரடியாக வரி பெறும் ரயத்துவாரி முறையின் தந்தையாகப் பெயர்பெற்ற தாமஸ் மன்றோவின் முயற்சியால் 1816-இல் வந்த ஒழுங்குமுறைகள், ஊர்த்தலைவருக்குப் பத்து ரூபாய் வரையிலான வழக்குகளைத் தீர்க்கும் உரிமையையும் காவல் பொறுப்பையும் அளித்தன. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு குடியானவரின் ஒவ்வொரு வயலும் தனிக்கணக்கு பெறவேண்டும் என்பதால், அரசின் வருவாய் முழுவதும் ஈற்றில் இவ்விருவரின் எழுத்தையே நம்பி நின்றது. அப்படி நம்பப்பட்டவர்களுக்கு மாவட்ட நிருவாகம் தந்த ஊதியமோ மிகச் சொற்பம். தொடக்கத்தில் இறையிலி நிலமாகிய மானியமும் களத்துமேட்டில் அளக்கும் தானியப் பங்குமே ஊதியம். 1858-இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையம் மானியங்களை வரிக்கு உட்படுத்தி உடைமையாக்கத் தொடங்கியபின், 1864-ஆம் ஆண்டின் கிராம வரிச் சட்டத்தின் வழியாகத் திரட்டிய தொகையிலிருந்து சிறுசம்பளம் தரப்பட்டது. அச்சம்பளத்தால் மட்டும் ஒரு குடும்பம் வாழ இயலாது என்பதை ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தனர். கர்ணத்துக்குச் சொந்த நிலம் உண்டு, முன்சீப்புக்கு ஊரில் செல்வாக்கு உண்டு, ஆகவே கூலி குறைவாயினும் வேலை நடக்கும் என்பதே அவர்கள் கணக்கு.

அந்த வேலை எத்தகையது என்பதை விளக்காமல் வேலைநேரம் பற்றிப் பேச இயலாது. வருவாய்த்துறையின் ஆண்டு பசலி எனப்படும். அது ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். அந்த ஆண்டு முழுவதும் கர்ணம் மாதந்தோறும் வயல்களைச் சுற்றிவந்து, எந்தப் புல எண்ணில் என்ன பயிர், யார் பயிரிட்டார், தண்ணீர் எங்கிருந்து பாய்ந்தது, விளைவு எப்படி என்பனவற்றை அடங்கல் என்னும் பதிவேட்டில் எழுதவேண்டும். ஒவ்வொரு பட்டாதாரரின் பெயரிலும் உள்ள நிலங்களையும் தீர்வையையும் தொகுத்துக் காட்டுவது சிட்டா. கிஸ்தித் தவணைகளில் முன்சீப் வசூலித்ததைப் பதிந்து, பாக்கியை எடுத்து, கருவூலத்தில் செலுத்தியதற்குச் சான்று வைக்கவேண்டும். இவை தவிரப் பிறப்பு இறப்புப் பதிவு, மழை அளவு, கால்நடைக் கணக்கு, புறம்போக்கில் குடியேறியவரைச் சுட்டும் அறிக்கை, பஞ்சக் காலத்தில் பயிர்ச்சாவி மதிப்பீடு எனப் பலவும் சேரும். ஆண்டின் இறுதியில் வட்டத் தலைமையிடத்தில் ஜமாபந்தி கூடும். எல்லாக் கர்ணங்களும் கணக்கு மூட்டைகளுடன் அங்கே வர, மேலதிகாரி ஒவ்வோர் ஊராக எடுத்துச் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். இடையில் வருவாய் ஆய்வாளர் அஸ்மாயிஷ் என்னும் பயிராய்வுக்கு வந்து, அடங்கலில் உள்ளதும் வயலில் உள்ளதும் பொருந்துகின்றனவா எனப் பார்ப்பார்.

இவ்வாறு பார்க்கையில், கர்ணத்தின் பணி சில மாதங்களில் இரவும் விளக்கெரித்து எழுதவேண்டியதாகவும் சில மாதங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் தொட்டால் போதுமானதாகவும் இருந்தது புலனாகும். பருவமழையோடு ஏறி இறங்கும் வேலையைப் பத்து மணி முதல் ஐந்து மணி வரை என்ற அளவுகோலால் அளப்பதற்கில்லை என்பதால், வருவாய் வாரியத்தின் நிலையாணைகள் கணக்கின் வகைகளையும் அவற்றைச் சமர்ப்பிக்கும் தேதிகளையும் நுணுக்கமாக விதித்தனவேயன்றி, அமர்ந்திருக்கும் மணிகளை விதிப்பதில் அக்கறை காட்டவில்லை. கோயம்புத்தூரில் அமர்ந்திருந்த ஆட்சியருக்குக் கொள்ளேகால், திம்பம் மலைப்பாதைக்கு அப்பால், இன்றைய சாலைக் கணக்கில் 150 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில், மைசூர்ப் பீடபூமியின்மேல் கிடந்த ஒரு மூலை. அங்கே பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் கணக்கர் காலை எத்தனை மணிக்குத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார் என்று பார்க்க ஆளும் இல்லை, பார்த்துப் பயனும் இல்லை. ஜமாபந்தியில் கணக்கு ஒப்பாகவில்லையென்றால் தண்டம், பதவி இடைநீக்கம், பதவிநீக்கம் ஆகிய மூன்றும் கையில் இருந்தன. ஆட்சிக்கு அவை போதும்.

ஆனால் பலனை வைத்து அளக்கும் முறைக்கும் தனக்கே உரிய நோய் உண்டு. பலன் என்று எழுதிக்காட்டப்படுவது உண்மையா என்பதே அந்நோய். வயலுக்குப் போகாமல் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்து, சென்ற பசலியின் அடங்கலைப் பார்த்து இந்தப் பசலியின் அடங்கலை எழுதிவிடும் வழக்கம் வருவாய்த்துறையில் எல்லோரும் அறிந்த பழங்குறை. இந்தியப் புள்ளிவிவரங்கள் யாவும் ஈற்றில் ஊர்க்காவலாளி தன் மனம்போல் எழுதித் தந்தவையே என்ற பொருள்பட ஓர் எள்ளலை ஆங்கிலப் பொருளியலாளர் ஜோசையா ஸ்டாம்ப் 1929-இல் தம் நூலில் பதிவுசெய்தார். அது மிகையாக இருக்கலாம். எனினும் 1940-களில் பி.வி. சுகாத்மே போன்ற புள்ளியியலாளர் குலுக்கல் முறையில் வயல்களைத் தேர்ந்தெடுத்து, குறிப்பிட்ட அளவு நிலத்தில் பயிரை அறுத்து எடைபோட்டு விளைச்சலை மதிப்பிடும் பயிர் அறுவடைச் சோதனையைப் பரப்பியதற்கு, ஊர் அலுவலரின் கண்மதிப்பை நம்ப முடியாமற்போனதும் ஒரு காரணம். திண்ணையில் எழுதிய அடங்கலுக்கு எட்டுமணி நேரம் செலவிட்டாலும் அது பொய்யடங்கலே. ஒரு முற்பகல் வயல்வரப்பில் நடந்து எழுதியது மெய்யடங்கல். ஆகவே வேலைநேரம் பற்றிய குறையாகத் தோன்றிய இது, உண்மையில் வேலையிடம் பற்றிய குறையாகும்.

வீடு கச்சேரியாக இருந்ததன் பெருங்கேடு வேறோரிடத்தில் இருந்தது. சிட்டா நகல் வேண்டியவரும் பட்டா மாற்றம் கேட்பவரும் கிஸ்தி ரசீது பெறுபவரும் அலுவலரின் வீட்டுவாசலுக்கே போகவேண்டும். அவ்வீடு அக்கிரகாரத்திலோ ஊரின் ஆதிக்கச் சாதித் தெருவிலோ இருக்கும். அத்தெருவில் செருப்புடன் நடக்கவும் இயலாத குடிமகனுக்கு, அங்குள்ள திண்ணையில் விரித்து வைக்கப்பட்ட அரசுப் பதிவேடு எந்த நேரத்தில் திறந்திருந்தாலும் மூடியதற்கு ஒப்பாகும். தலையாரியும் வெட்டியானும் அரசின் ஊதியம் பெறும் ஊழியர்களாயினும், அந்த வாசலில் அவர்கள் வீட்டாளுக்குரிய வேலைகளையும் செய்தனர்; அரசுப் பணி எங்கே முடிகிறது, பண்ணை வேலை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டும் சுவர் எதுவும் அவ்வீட்டில் இல்லை. கர்ணங்களின் வேலைநேரம் பற்றிப் பிற்காலத்தில் எழுந்த வாதங்களில் இச்செய்தி பின்தள்ளப்பட்டது வியப்புக்குரியது.

பதவி குடும்பவழி இறங்கியதும் இக்கேட்டை நிலைநிறுத்தியது. 1895-ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம், முன்சீப் முதல் தலையாரி வரையிலான பதவிகளைத் தந்தைக்குப்பின் மகனுக்கு உரியவையாக்கிற்று. மைசூர் சமஸ்தானத்திலும் 1908-இல் இத்தகைய சட்டம் வந்தது. குடியரசு அமைந்தபின் இச்சட்டத்துக்கு முதல் அடி ஆந்திரத்தின் தெனாலி வட்டத்துச் சிற்றூர் ஒன்றின் முன்சீப் பதவி வழக்கில் விழுந்தது. கஜுல தசரத ராமராவ் தொடுத்த அவ்வழக்கில் 1960 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கிராமப் பதவியும் அரசின்கீழ் உள்ள பதவியே என்றும், வாரிசு முறையை வைத்து அதற்கு ஆளெடுப்பது அரசமைப்பின் 16-ஆம் பிரிவுக்கு முரண் என்றும் கூறி, 1895 சட்டத்தின் 6(1) பிரிவைச் செல்லாததாக்கியது.

இந்த இடத்தில்தான் பாலாற்றின் இரு கரைகளும் பிரிந்து செல்கின்றன. கொள்ளேகால் 1956-இல் மைசூருக்குப் போனபோது, சென்னைச் சட்டத்தின்கீழ் இருந்த அதன் முன்சீப்புகளும் கர்ணங்களும் அச்சட்டத்தோடேயே போயினர். மைசூர் அரசுக்கு இது ஒரு தலைவலி. பழைய மைசூர், பம்பாய், ஐதராபாத், குடகு, சென்னைப் பகுதிகள் என்ற ஐந்து துண்டுகள் ஒட்டிய புதிய மாநிலத்தில் ஊர்ப்பதவிகளுக்கு ஒரே சீரான முறை இல்லை. ஆகவே 1961-ஆம் ஆண்டின் மைசூர் கிராமப் பதவிகள் ஒழிப்புச் சட்டம் பரம்பரைப் பதவிகள் அனைத்தையும் ஒரே அடியாக நீக்கி, 1963 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டேல், சானுபோகர் இடத்தில் சம்பளம் பெறும் கிராமக் கணக்கர் வந்தார். சங்கரநாராயணா என்பாரும் பிறரும் தொடுத்த வழக்கில் 1966-இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை ஏற்றது. ஆற்றுக்கு இப்பால் சென்னை அரசு நிதானமாகவே நடந்தது. 1968-இல் பழைய சட்டங்களை நீக்கிற்று; 1970 டிசம்பரில் கிராம அலுவலர் பணிவிதிகளை இயற்றி, வாரிசுரிமை இல்லாத ஆனால் முழுநேரமும் அல்லாத பணியாக இப்பதவிகளை வைத்துக்கொண்டது. ஆக, 1963-க்கும் 1980-க்கும் இடைப்பட்ட 17 ஆண்டுகளில், கோவிந்தபாடிப் பக்கத்தில் கர்ணம் பழைய திண்ணையிலும், பாலாறு, கோபிநத்தம் பக்கத்தில் மாநிலச் சம்பளப்பட்டியலில் உள்ள கணக்கர் ஒருவரும் ஏறத்தாழ ஒரே வகைக் கணக்கையே எழுதிக்கொண்டிருந்தனர்.

1980-இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த எம்.ஜி.ஆர். அரசு, அவ்வாண்டு நவம்பர் 13 அன்று பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழிக்கும் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்து மறுநாளே நடைமுறைப்படுத்தியது. அது 1981-இல் சட்டமாயிற்று. பகுதிநேர அலுவலர் முறை காலாவதியாகிவிட்டது என்றும், இக்காலக் கிராம நிருவாகத்தின் தேவைகளுக்கு அது பொருந்தாது என்றும், முழுநேர அலுவலர் முறையைக் கொண்டுவருவதே அரசின் கொள்கை முடிவு என்றும் சட்டத்தின் முகப்புரை கூறியது. வேலையிழந்தோர் வழக்காடினர். கே. இராஜேந்திரன் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் அவ்வழக்கில் 1982 ஏப்ரல் 2 அன்று நீதியரசர் வெங்கடராமையா எழுதிய தீர்ப்பு, பதவியை நன்னோக்கத்தோடு ஒழிப்பது அரசின் உரிமை என்றும், அவ்வாறு ஒழிப்பதால் வேலை போவது தண்டனையாகாது என்றும் முடிவுகட்டிற்று. இவ்வலுவலர்கள் பதிவேடுகளைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொள்ள விடப்பட்டதும், வரையறுத்த வேலைநேரம் இன்றி வேறு தொழிலும் பார்க்க இடம் பெற்றிருந்ததும், மற்ற அரசு ஊழியரிடமிருந்து அவர்களைப் பிரித்துக்காட்டும் அடையாளங்களாயின. நூற்றைம்பது ஆண்டுகளாக அரசே வசதி கருதி வைத்திருந்த ஏற்பாடு, இப்போது அவர்களுக்கு எதிரான சான்றாக மாறியது. குறைந்தபட்சக் கல்வித்தகுதி உடையோரைத் தேர்வுக்குழு வழியே புதிய பணியில் சேர்த்துக்கொள்ள அரசு உடன்பட்டது மட்டுமே அவர்களுக்குக் கிடைத்த ஆறுதல். ஆந்திரத்தில் 1984-இல் என்.டி. ராமராவ் அரசும் அவசரச் சட்டத்தின் வழியே இதே வேலையைச் செய்தது.

ஒழிப்பு சரியான முடிவே. ஆனால் அதற்குச் சட்டப்புத்தகத்தில் எழுதப்பட்ட காரணம் இரண்டாந்தரக் காரணம். குடும்பவழிச் செல்வாக்கும் சாதியும் அரசுப் பதிவேட்டின்மேல் உட்கார்ந்திருந்ததை நீக்குவதே அந்நாளின் உண்மைத் தேவை. அதை அப்படியே சொன்னால் ஊர்தோறும் பகைக்கவேண்டி வரும் என்பதால், மணிக்கணக்கு ஒரு நாகரிகமான போர்வையாயிற்று. இதற்குச் சான்று புதிய முறையிலேயே கிடைக்கிறது. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வெழுதி வந்த கிராம நிருவாக அலுவலர் முழுநேர ஊழியர், இடமாற்றத்துக்கு உட்பட்டவர், எவர் வீட்டுப் பிள்ளையும் ஆகலாம். இவை பெரும் ஆதாயங்கள். ஆனால் அவருக்கும் தம் பொறுப்பிலுள்ள கிராமத்திலேயே குடியிருக்கவேண்டும் என்ற விதி வைக்கப்பட்டது. பழைய கர்ணத்தைப் பற்றிய குறை அவர் எப்போதும் வீட்டிலேயே இருக்கிறார் என்பது. புதிய அலுவலரைப் பற்றிய குறை அவர் ஊரில் வீடெடுத்துத் தங்குவதில்லை, நகரத்திலிருந்து பேருந்தில் வந்து போகிறார் என்பது. வெள்ளம், தீ, சாவு, சண்டை எதுவும் அலுவல்நேரம் பார்த்து வருவதில்லை என்பதால், அரசு ஒரு கையால் நேரத்தை வரையறுத்து மறுகையால் இருபத்துநான்கு மணிநேர இருப்பை எதிர்பார்த்தது.

முழுநேரப் பணியால் அடங்கலும் மெய்யாகிவிடவில்லை. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பொருளியலாளர் அ. வைத்தியநாதன் தலைமையில் அமைந்து 2011-இல் அறிக்கை அளித்த குழு, நாடெங்கும் வயல்வாரிப் பயிர்ப்பதிவு விதிப்படி நடப்பதில்லை என்பதை மீண்டும் சுட்டிக்காட்டிற்று. 2024-இல் கைப்பேசிச் செயலியுடன் ஒவ்வொரு வயலிலும் நின்று படமெடுத்துப் பதியும் மின்னணுப் பயிர்க்கணக்கெடுப்பு வந்தபோது, தமிழ்நாட்டுக் கிராம நிருவாக அலுவலர்கள் அதை ஏற்க மறுக்க, வேளாண் கல்லூரி மாணவர்கள் வயல்களுக்கு அனுப்பப்பட்டனர். செய்தவன் வயலில் நின்றான் என்பதற்கு இப்போது செயற்கைக்கோள் சாட்சி சொல்கிறது. அஸ்மாயிஷுக்கு வந்த வருவாய் ஆய்வாளரின் வேலையை அது செய்கிறது எனலாம்.

எல்லைக்கு அப்பால் கர்நாடகம் வேறு வழியில் சென்றது. 9,000 கிராமக் கணக்கர்களிடம் சிதறிக்கிடந்த ஏறத்தாழ 2 கோடி நிலப்பதிவுகள் பூமி என்னும் திட்டத்தின்கீழ் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கணினியில் ஏற்றப்பட்டு, கையெழுத்து நகல்கள் செல்லாதவையாக்கப்பட்டன. நகல் கேட்டுக் கணக்கர் வீட்டுக்கோ அவர் வாடகைக்கு எடுத்த அறைக்கோ அலையவேண்டியது நின்று, வட்டாட்சி அலுவலகத்தின் சாளரத்தில் சிறுகட்டணத்துக்கு அது கிடைத்தது. மலையடிவாரச் சிற்றூரிலிருந்து கொள்ளேகாலுக்குப் போய்வரும் பேருந்துச் செலவும் ஒருநாள் கூலியும் குடியானவர் தலையில் விழுந்தன என்பது திட்ட அறிக்கைகளில் அவ்வளவாக இடம்பெறாத செலவினம். பின்னர் பதவிப்பெயர் மாறி, வேலைகள் செயலி செயலியாகக் கூடின. 2024-இல் கர்நாடகக் கிராம அலுவலர்கள் வேலைப்பளுவையும் அலுவலக வசதியின்மையையும் முன்வைத்துப் பணிநிறுத்தம் செய்தபோது, பத்துக்கும் மேற்பட்ட செயலிகளைச் சொந்தக் கைப்பேசியில் வைத்து இயக்கவேண்டியிருக்கிறது என்பது அவர்களின் முறையீடுகளுள் ஒன்றாக இருந்தது.

ஊர்க்கணக்கர் போய்விட்டாலும், வீட்டிலிருந்தே அரசுப் பணி செய்யும் மற்றொரு பெருங்கூட்டம் இரு கரைகளிலும் இன்றளவும் உள்ளது. கிளை அஞ்சலகம் நடத்துவோர் அவர்கள். 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே பள்ளி ஆசிரியரோ கடைக்காரரோ தம் இடத்திலேயே சிற்றூர் அஞ்சலை நடத்தினர்; இலாகாப் புற ஊழியர் என்று 1964-ஆம் ஆண்டு விதிகளில் பெயர்பெற்ற இவர்கள் இப்போது கிராமிய அஞ்சல் பணியாளர் எனப்படுகின்றனர். கிளை அஞ்சலகத் தலைவர் அஞ்சலகத்துக்கான இடத்தைத் தாமே தரவேண்டும், வேறு வருமானமும் வைத்திருக்கவேண்டும் என்பது விதி. பழைய கர்ணத்தின் நிலையே இது. ஆனால் ஒரு வேறுபாடு முக்கியமானது: இங்கே மணி கணக்கிடப்படுகிறது. ஒருநாளில் ஐந்து மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கக்கூடாது என்ற உச்சவரம்பு வைத்து, கையாளும் அஞ்சல், மணியார்டர், சேமிப்புக் கணக்கு ஆகியவற்றின் எண்ணிக்கையை நேரமாக மாற்றி ஊதியம் கணக்கிடப்பட்டது. 1977-இல் இராஜம்மா வழக்கில் இவர்கள் வகிப்பது அரசின் குடிமைப்பதவியே என உச்ச நீதிமன்றம் தீர்த்தபின்னும் முழுநேர ஊழியர் என்ற தகுதி வரவில்லை. கமலேஷ் சந்திரா குழுவின் பரிந்துரைப்படி 2018 ஜூலையில் வந்த ஊதியத் திருத்தமும் நான்கு மணி, ஐந்து மணி என்ற இரு படிகளையே வைத்தது. கிளை அஞ்சலகத் தலைவருக்கு முதற்படியில் ரூ. 12,000, அடுத்ததில் ரூ. 14,500. ஓய்வூதியத் திட்டங்கள், வங்கிச் சேவை, காப்பீடு, கையடக்கக் கருவிப் பதிவுகள் எல்லாம் சேர்ந்தபின் வேலை ஐந்து மணியில் முடிவதில்லை என்பதே அவர்களின் சங்கங்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் குறை. வீட்டிலிருந்து வேலை செய்பவர் நேரத்தைக் குறைக்கிறார் என்று பொதுவாக ஐயுறப்படுகையில், இங்கே குறைத்துக் காட்டுவதாகக் குற்றஞ்சாட்டப்படுவது அரசு.

2020 மார்ச் 19 அன்று மத்தியப் பணியாளர் துறை, கீழ்நிலை ஊழியரில் பாதிப்பேர் அலுவலகம் வரவும் மற்றோர் வீட்டிலிருந்து பணிபுரிந்து தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் எந்நேரமும் கிடைக்கும்படி இருக்கவும் ஆணையிட்டது. அதற்கு இரு வாரங்களுக்கு முன்பே, விரல்ரேகை வைத்து வருகை பதியும் கருவி தொற்றச்சத்தால் நிறுத்தப்பட்டிருந்தது. மே மாதம் அத்துறை ஆண்டுக்கு 15 நாள் வீட்டிலிருந்து பணிபுரிய வழிசெய்யும் வரைவொன்றைச் சுற்றுக்கு விட்டது. வரைவு வரைவாகவே நிற்க, 2021 நவம்பர் 8 முதல் விரல்ரேகைக் கருவி திரும்பிவந்தது. வாரம் 40 மணி நேரம் என்ற அளவு வீட்டில் நிறைவேறிற்றா என்ற வினா அப்போது பலமாக எழுந்தது. ஆயினும் அலுவலகத்தில் அது எந்நாளும் நிறைவேறிற்றா என்பதை அதே குரலில் கேட்டவர் சிலரே.

வீட்டிலிருந்து பணிபுரிவது பற்றிய ஆய்வுகளும் ஒருமுகமாக இல்லை. சீனப் பயண நிறுவனம் ஒன்றின் தொலைபேசி ஊழியரிடம் நிக்கோலஸ் ப்ளூமும் உடனாய்வாளரும் நடத்திய சோதனையில் வீட்டிலிருந்தோரின் பணித்திறன் 13 விழுக்காடு கூடியது. அதில் பெரும்பங்கு, இடைவேளையும் விடுப்பும் குறைந்து ஒவ்வொரு முறைப்பணியிலும் கூடுதல் நிமிடங்கள் வேலைசெய்ததால் வந்தது. நமக்கு அருகில், சென்னையில் தரவு உள்ளிடும் ஊழியரை வைத்து அட்கின், ஷோவார், ஷிண்டே ஆகியோர் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வோ, வீட்டிலிருந்தோரின் உற்பத்தித்திறன் 18 விழுக்காடு குறைவெனக் கண்டது. அக்குறையில் மூன்றில் இரண்டு பங்கு முதல்நாளிலேயே தென்பட்டது, எஞ்சியது அலுவலகத்தில் இருந்தோர் விரைவாகக் கற்றுக்கொண்டதால் விளைந்தது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் 2016-இல் வணிகத்துறைத் தலைமைத் தணிக்கையாளர், கட்டடக் கதவு அட்டையையும் கணினிப் பதிவையும் ஊழியர் கோரிய மணிகளோடு ஒப்பிட்டு, சுமார் 2,88,000 மணி நேரத்துக்குச் சான்றில்லை என அறிவித்தார். ஆனால் அவ்வலுவலகத்தில் ஒவ்வொரு தேர்வாளருக்கும் முடிக்கவேண்டிய விண்ணப்ப எண்ணிக்கை உண்டு. எண்ணிக்கையை எட்டியவர் மணியை எட்டாமல் போகலாம் என்பதே அங்கு தெரியவந்த சிக்கல். ஜமாபந்திக்கு மூட்டை கட்டிய கர்ணத்துக்கு இது புதிய செய்தியன்று.

இவற்றை எல்லாம் வைத்துப் பார்த்தால், ஊர்க்கணக்கர் முழுநேரம் உழைத்தாரா என்பதை 1980-இல் எவரும் அளந்து பார்க்காமலேயே பகுதிநேரம் என்று எழுதிவிட்டனர் என்பதும், அவ்வாறு அளக்க அன்று கையிலிருந்த ஒரே சான்று அவர்களின் சொந்த எழுத்தே என்பதும் தெளிவாகும். அடங்கல், கிஸ்திப் பதிவு, பயணக் குறிப்பு ஆகியவற்றிலுள்ள தேதிகளை வரிசைப்படுத்தினால், ஒரு பசலியில் ஓர் அலுவலர் எந்தெந்த நாளில் எழுதினார், எந்த மாதங்களில் ஏடு தொடப்படாமலே கிடந்தது என்பதை இன்றும் கணிக்கமுடியும். ஒப்படைக்கப்பட்டவை வட்ட அலுவலகப் பதிவறைகளில் கரையானோடு போராடுகின்றன. ஒப்படைக்காமல் விடுபட்டவை பழைய கர்ணங்களின், மணியக்காரர்களின் வீட்டுப் பரண்களில் இருக்கக்கூடும். கொள்ளேகால், அனூர், கொளத்தூர், அந்தியூர்ப் பக்கங்களில் அத்தகைய ஏடுகளை வைத்திருக்கும் குடும்பத்தினர், அவற்றைப் பழைய தாளாக எடைக்குப் போடாமல், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கோ கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்தின் மைசூர்ப் பிரிவுக்கோ தந்துதவ வேண்டும்.